அனலைசர் அறைக்குள் பாச்சா உருண்டை: காற்றுத்தர ஸ்டேஷனில் நீங்கள் பட்ட அனுபவம் என்ன?

வடசென்னை டெக்னீஷியன்:

சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு ஸ்டேஷன். ஒரு வாரமாகக் கந்தக டை ஆக்சைடு 30 பி.பி.பி.யை (நூறு கோடிப் பங்குக் காற்றில் 30 பங்கு) விட்டு இறங்கவே இல்லை. அதாவது கன மீட்டருக்கு ஏறக்குறைய 79 மைக்ரோகிராம். 24 மணி நேரச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பே 80தான். மேலிடத்திலிருந்து போன் மேல் போன்: "எந்த ஆலைய்யா விடுது?"

எனக்கென்னவோ ஆலை மேல் சந்தேகம் வரவில்லை. ஆலைப் புகை என்றால் காற்றோடு ஏறி இறங்கும். இங்கே கடல்காற்று அடித்தாலும் 30, ஆலைப் பக்கமிருந்து அடித்தாலும் 30. ஜீரோ காற்று, அதாவது கந்தக டை ஆக்சைடே இல்லாத காற்று கொடுத்தால் சுத்தமாக 0. அளவு தெரிந்த கந்தக டை ஆக்சைடு சிலிண்டர் கேஸ் கொடுத்தால் அதே அளவைக் காட்டியது, ஆக ஸ்பானும் சரி. லேம்பும் நன்றாக எரிந்தது. மண்டை காய்ந்துவிட்டது.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அனலைசர் என்கிற இந்த அளக்கும் கருவிக்குள்ளே ஒரு இருட்டுக் குடுவை. துத்தநாக லேம்பிலிருந்து 214 நானோமீட்டர் புற ஊதா ஒளி அதற்குள் பாயும். கந்தக டை ஆக்சைடு மூலக்கூறு அதை வாங்கிக்கொண்டு, 330 நானோமீட்டரை ஒட்டி மங்கலாக ஒளிரும். லேம்புக்குச் செங்குத்தாக உட்கார்ந்திருக்கும் பி.எம்.டி. என்கிற ஒளிபெருக்கிக் குழாய் அந்த ஒளியை அளக்கும். நாஃப்தலீன், சைலீன் மாதிரி ஆசாமிகளும் இதேபோல ஒளிர்வார்கள். அந்த வெளிச்சத்தையும் கருவி கந்தகக் கணக்கில்தான் எழுதும். அவர்களை வழியிலேயே கழற்றிவிடத்தான் 'கிக்கர்' என்கிற சவ்வுக் குழாய்.

ரேக்குக்குப் பின்னால் குனிந்தபோது மூக்கில் ஏறியது, பாட்டி வீட்டு டிரங்குப் பெட்டி வாசனை. டீ கப் ஒன்றில் அரைக் கப் பாச்சா உருண்டை! வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டேன். "கரப்பான் தொல்லை சார். மெஷினுக்குள்ள போயிட்டா நீங்கதான திட்டுவீங்க?"

பாச்சா உருண்டை என்றால் நாஃப்தலீன். சாம்பிள் டியூபின் நட்டு தளர்ந்து, வெளிக்காற்றோடு அறைக்காற்றையும் பம்ப் உறிஞ்சியிருக்கிறது. ஜீரோவும் ஸ்பானும் வேறு துளை வழியாக வருவதால் அந்தக் கசிவு அவற்றில் தெரியவில்லை. கிக்கரோ கிழடு. நட்டை இறுக்கி, கிக்கரை மாற்றி, கப்பைத் தூக்கி வெளியே வைத்தேன். மறுநாள் காலை 4 பி.பி.பி. அண்ணனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. நட்டைப் போன மாதம் மாட்டியவனே நான்தான்.

தூத்துக்குடிக்காரன்:

எனக்கு இதற்கு நேர்மாறு. பக்கத்திலேயே நிலக்கரி எரிகிறது, கருவி 0, 1 என்று காட்டுகிறது. ஐப்பசி மழை நேரம். ஏசியை 18-இல் வைத்து, அது நேராக வெளிக்காற்று வரும் டெஃப்லான் டியூப் மேல் ஊதிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் டியூபுக்குள் முத்து முத்தாகத் தண்ணீர். கந்தக டை ஆக்சைடுதான் தண்ணீரைக் கண்டால் கரைந்துவிடுமே, கருவிக்கு என்ன மிச்சம் வரும்? டியூபுக்கு ஃபோம் சுற்றி, ஏசியை 25-க்கு ஏற்றி, அதன் முகத்தையும் திருப்பிவிட்டேன்.

ரிட்டயர்டு கெமிஸ்ட்:

தம்பிகளா, எங்கள் காலத்தில் லேம்பும் இல்லை, கிக்கரும் இல்லை. வெஸ்ட்-கேக் முறை. பாதரச உப்புக் கரைசலுக்குள் காற்றைக் குமிழ்விட்டு, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாயை மாற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குத் தூக்கிப்போவோம். பாராரோசானிலின் என்கிற சாயம் சேர்த்ததும் ரோஜா நிறம் ஏறும். அந்த நிறத்தை 560 நானோமீட்டரில் படிப்போம். ரிசல்ட் வருவதற்குள் அந்தக் காற்று எங்கேயோ போயிருக்கும். பாதரசக் கழிவைத் தொடவே எனக்குப் பயம்.

அது போகட்டும், வாட்ச்மேன் இப்போது கரப்பானுக்கு என்ன போடுகிறார்?

வடசென்னை டெக்னீஷியன்:

போரிக் பவுடர், ஐயா. வாங்கிக் கொடுத்தது நான்.