18 மில்லிகிராமில் "பரவாயில்லை" என்றால் அங்கேயே நிற்பதா, மேலே போவதா?

புங்கோல்காற்று
பல வீடுகளில் வருகிற நிலை இது, பொதுவாகவே வைக்கிறேன். தொடக்கநிலை இரண்டு, ஏழரை வயது, 24 கிலோ. ஏடிஎச்டிக்கு (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு) கான்செர்ட்டா (மெத்தில்பெனிடேட் மருந்தின் நீண்டநேர மாத்திரை) 18 மி.கி. தொடங்கி மூன்று வாரம். வகுப்பாசிரியர் "முன்னைக்கு இப்போ பரவாயில்லை" என்கிறார். மருத்துவர் 27க்குப் போய்ப் பார்க்கலாம் என்கிறார். "வேலை செய்யுற மருந்தை எதுக்குக் கூட்டணும்?" என்பது அப்பா கட்சி. "வீட்டுப்பாடம் இன்னும் ஒன்றரை மணி நேரம் இழுக்குதே" என்பது அம்மா கட்சி. முடிவு மருத்துவருடையதுதான், அதில் சந்தேகமில்லை. அவர் முன்னால் என்ன விவரத்தோடு போய் உட்காரணும் என்பதுதான் என் கேள்வி.

நெய்தல்
நான் அப்பா கட்சி. பலன் தெரிகிற மிகக் குறைந்த அளவில் நிற்கணும். மெத்தில்பெனிடேட் முதலில் கை வைப்பது மதியச் சாப்பாட்டில். 24 கிலோ பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்த டப்பா தினமும் மூடி திறக்காமல் திரும்பி வந்தால் அது சின்ன விஷயம் இல்லை. ஏடிஎச்டி சிகிச்சைகளை ஒப்பிட்ட எம்.டி.ஏ. ஆய்வு 579 பிள்ளைகளோடு வட அமெரிக்காவில் நடந்தது. அதன் மூன்றாம் ஆண்டுத் தொடர்ச்சியில், விடாமல் மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிட சுமார் 2 செ.மீ. குள்ளமாக இருந்தார்கள். தூக்கம் தள்ளிப்போகும், நாடித்துடிப்பு கொஞ்சம் ஏறும். "இன்னும் நல்லா வருமா பார்ப்போம்" என்பதற்காக இதையெல்லாம் ஏன் கூட்டணும்?

மாத்திரைமணி
நெய்தல் அக்கா, அக்கறை புரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "பரவாயில்லை" என்பது அளவீடு இல்லை. 18 என்பது தொடக்கப் படி, நடைமுறையில் அது அதே மருந்தின் குறுகியநேர வகையான சாதாரண ரிட்டலின் 5 மி.கி.யை நாளுக்கு மூன்று வேளை கொடுப்பதற்குச் சமம். முதல் படியில் பலன் தெரிவது ஒன்று, அந்தப் பிள்ளைக்கு ஏற்ற அளவு கிடைப்பது வேறு.

எல்லாரும் பாராசிட்டமால் சிரப் பழக்கத்தில் "இத்தனை கிலோவுக்கு இத்தனை" என்று கேட்கிறார்கள். மெத்தில்பெனிடேட்டுக்கு அந்தக் கணக்கு உதவாது. 24 கிலோ பிள்ளைக்கு 36 தேவைப்படலாம், 40 கிலோ பிள்ளைக்கு 18 போதலாம். அதனால்தான் படிப்படியாக ஏற்றிப் பார்க்கிறார்கள். ஒரு படியில் குறைந்தது ஒரு வாரம். கூடுதல் பலன் வராமல் நிற்கும் இடமோ, தொந்தரவு தொடங்கும் இடமோ தெரிந்ததும் ஒரு படி இறங்கி நிற்பது. கான்செர்ட்டா 18, 27, 36, 54 என்று வருகிறது. 6 முதல் 12 வயதுக்கு 54தான் உச்சம். 27 என்பது சின்னப் பிள்ளைக்கான நடுப்படி, பெரிய தாவல் இல்லை.

அக்கா சொன்ன அதே எம்.டி.ஏ.வையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் வந்த முதல் முடிவில், வெளி மருத்துவர்களிடம் போன பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குபேர் மருந்து எடுத்தார்கள். அப்படியும் ஆய்வுக்குழு அளவு பார்த்துக் கொடுத்த பிள்ளைகள் அளவுக்கு முன்னேறவில்லை. வெளியே கிடைத்தது குறைந்த அளவு, குறைந்த வேளை.

நெய்தல்
மணி, பாதிதான் சொல்கிறீர்கள். ஆய்வுக்குழு மாதாமாதம் அரை மணி நேரம் குடும்பத்தோடு உட்கார்ந்தது, ஆசிரியரிடம் விவரம் கேட்டது. பலன் மில்லிகிராமால் வந்ததா, அந்தக் கவனிப்பால் வந்ததா? மூன்றாம் ஆண்டில் குழுக்களுக்கு இடையே இருந்த வித்தியாசமே மறைந்துவிட்டது.

எனக்குள்ள பெரிய பயம் வேறு. முப்பது பிள்ளைகள் வரை இருக்கிற வகுப்பில் "இப்போ அமைதியா உட்கார்ந்திருக்கான்" என்பது வெற்றியாக எழுதப்படும். அளவு கூடிப்போன பிள்ளையும் அமைதியாகத்தான் உட்கார்ந்திருக்கும். சிரிக்காது, பக்கத்துப் பிள்ளையோடு பேசாது, ஒரே கணக்கை அழித்து அழித்து எழுதும், நகத்தையோ உதட்டுத் தோலையோ பிய்த்துக்கொண்டே இருக்கும். இதை ஆசிரியர் குறையாகச் சொல்லமாட்டார். ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் இதை எங்கே பிடிப்பார்கள்?

வகுப்பறை_ஜன்னல்
இரண்டு பேரும் மில்லிகிராமைப் பற்றியே பேசுகிறீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள்.

கான்செர்ட்டாவில் சுமார் 22 சதவீதம் மேல்பூச்சில் உடனே கரையும். 18இல் அது 4 மி.கி. மிச்சம் 14 உள்ளிருந்து மெதுவாகத் தள்ளப்பட்டு வரும், மொத்தம் ஏறத்தாழ 12 மணி நேரம். காலை 6.30க்கு விழுங்கினால் முதல் பாடவேளையில் வேலை செய்வது பெரும்பாலும் அந்தச் சின்னப் பங்குதான். நல்ல உச்சம் பகலில்தான் வரும். ஆக, ஆசிரியர் பார்க்கும் பிள்ளை வேறு, மாலை ஏழு மணிக்கு வீட்டுப்பாடத்தோடு அம்மா பார்க்கும் பிள்ளை வேறு. ஏழு மணிக்கு மருந்தின் பலன் ஏறத்தாழ முடிந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேர இழுபறிக்காக 27க்கு ஏற்றினால் மாலையில் அதிகம் மாறாது, பகலில்தான் கனம் கூடும்.

தேவைப்படுவது ஓர் அட்டை. குறுக்கே திங்கள் முதல் வெள்ளி. நெடுக்கே மூன்று நேரம்: காலை 8, பகல் 12, மாலை 5. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கே கேள்வி. சொன்ன வேலையைத் தொடங்கினானா, முடித்தானா, குறுக்கே பேசினானா, முகம் எப்படி. 0 முதல் 3 வரை எண், கூடினால் நல்லது. கடைசிக் கேள்வி நெய்தல் அக்காவுக்காகவே, மந்தமாக இருந்தால் அதில் தெரிந்துவிடும். காலை, பகல் கட்டங்களை ஆசிரியர் நிரப்பட்டும், ஐந்து மணிக் கட்டத்தை மாணவர் பராமரிப்பு நிலையத்தில் நிரப்பட்டும். ஏடிஎச்டி அறிகுறிகளை மதிப்பிடும் ஸ்னாப் படிவம் மாதிரி 26 கேள்வியைத் தினமும் கொடுத்தால் மூன்றாம் நாள் எல்லாவற்றிலும் ஒரே எண் வரும்.

இரண்டு விஷயத்தை மறக்கக்கூடாது. மருந்துக்கு முன்னாலேயே ஒரு வாரம் அட்டை நிரப்பியிருக்கணும், ஒப்பிட வேறு எதுவும் கிடையாது. எந்த வாரம் எந்த அளவு என்று ஆசிரியருக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் எதிர்பார்ப்புக்குத்தான் மதிப்பெண் விழும்.

புங்கோல்காற்று
இது தெளிவாக இருக்கு. ஒரு சந்தேகம். ஐந்தரை, ஆறு மணிக்கு மேல் காரணமே இல்லாமல் அழுகை, தங்கச்சியோடு அடிதடி என்றால் அது அளவு கூடினதா, குறைஞ்சதா? இன்னொன்று, மாத்திரை விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு உடைத்துக் கொடுக்கலாமா?

மாத்திரைமணி
எரிச்சல் எந்த நேரத்தில் வருகிறது என்பதே பதில். பகல் 12, 1 மணிக்கு, மருந்து உச்சத்தில் இருக்கும்போது வந்தால் அளவு அதிகம். மாலையில் மருந்து வடியும்போது வந்து, ஒரு மணி நேரத்தில் தணிந்தால் அது மருந்து இறங்கும் எதிர்வினை. முன்னதற்குக் குறைக்கணும். பின்னதற்குக் குறைத்தால் பகலும் கெடும். அங்கே முதலில் செய்ய வேண்டியது பசியைப் பார்ப்பது. மதியம் சாப்பிடாத பிள்ளைக்கு ஐந்து மணிக்கு வயிறு காலி. நாலரைக்கு முட்டையோ ரொட்டியோ கொடுத்துப் பாருங்கள். அதிலும் அடங்கவில்லை என்றால் மருத்துவர் சில பிள்ளைகளுக்கு மாலையில் சாதாரண ரிட்டலின் 5 மி.கி. சேர்ப்பார். அது சுமார் 4 மணி நேரம் நிற்கும், ஆறு மணிக்குக் கொடுத்தால் தூக்கம் போய்விடும்.

கான்செர்ட்டாவை உடைக்கவே கூடாது, மெல்லவும் கூடாது. 12 மணி நேரத்துக்கு உரியது ஒரேயடியாக இறங்கும். கழிவறையில் மாத்திரை முழுசாக மிதக்கிறதே என்று பயந்து இன்னொன்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் ஓடு, மருந்து உள்ளே போய்விட்டது.

விழுங்க முடியாத பிள்ளைக்கு ரிட்டலினின் நீண்டநேர வகையான ரிட்டலின் எல்.ஏ. காப்ஸ்யூலைத் திறக்கலாம். உள்ளே கடுகைவிடச் சின்ன மணிகள். பாதி உடனே கரையும், மறு பாதி சுமார் 4 மணி நேரம் கழித்து. ஒரு கரண்டி குளிர்ந்த ஆப்பிள் கூழில் தூவி உடனே கொடுக்கணும், மென்றுவிடாமல் விழுங்கவைக்கணும். சூடான மைலோவிலோ கஞ்சியிலோ கலந்தால் மணியின் பூச்சு கெட்டு இரண்டு பாதியும் ஒன்றாகக் கரையும். காலையில் ஆட்டம், பத்து மணிக்கு மந்தம், ஒரு மணிக்கு ஒன்றுமில்லை. "இந்த மருந்து ஒத்துக்கலை" என்று முடிவு கட்டுவதற்கு முன் எதில் கலந்தார்கள் என்று கேளுங்கள். எல்.ஏ. எட்டு மணி நேரம்தான், பள்ளி முடியும் வரைக்கும் சரி, மாலைக்கு வராது.

நெய்தல்
சரி, மாலைப் பிரச்சினைக்காக 27 வேண்டாம் என்பதில் ஜன்னல் என் பக்கம். பகல் கட்டங்களிலேயே "முடித்தானா" என்பதற்கு மோசமான எண் விழுகிறது, முகம் நன்றாக இருக்கிறது என்றால் மட்டும் 27ஐப் பார்க்கலாம். அதற்கும் நிபந்தனை உண்டு.

தொடங்குவது சனிக்கிழமை காலை, முதல் இரண்டு நாள் வீட்டார் கண்ணில் இருக்கட்டும். தீபாவளி வாரம், விடுமுறைக்கு முந்தின வாரம் வேண்டாம், அந்த எண்களை நம்ப முடியாது. அதே வாரத்தில் துணைப்பாட வகுப்பையும் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. அளவு மாறும் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தமும் நாடியும் பார்த்து, முந்தின எண்ணோடு வைத்துப் படிக்கணும். எடை வாரம் ஒரு முறை, அதே தராசு, காலையில். மாத்திரைக்கு முன் 6.15க்கு வயிறு நிறைய இட்லியோ முட்டையோ, இரவு எட்டரைக்கு இன்னொரு சாப்பாடு. மதியம் வற்புறுத்தினால் சண்டைதான் மிச்சம். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவர்.

இத்தனை பாடுபடுவதற்கு ஏடிஎச்டிக்கான இன்னொரு மருந்தான ஆட்டோமாக்செட்டின் எளிதில்லையா?

மாத்திரைமணி
எளிது இல்லை அக்கா, வேறு மாதிரி. கிலோ கணக்கு பலிப்பது அங்கேதான். ஒரு கிலோவுக்கு 0.5 மி.கி.யில் தொடங்கி 1.2 வரை. 24 கிலோவுக்கு 12இல் ஆரம்பித்து 29 பக்கம் வரும், காப்ஸ்யூல் 10, 18, 25 என்று இருப்பதால் கிட்டத்தட்டதான் கொடுக்க முடியும். நாள் முழுக்க நிற்கும், மாலைக்கும் வரும். ஆனால் முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். இரண்டாம் வாரத்தில் "ஒண்ணும் தெரியலை" என்று நிறுத்துவதுதான் அதில் நடக்கிற பெரிய தப்பு. இந்தக் காப்ஸ்யூலைத் திறக்கக்கூடாது, தூள் கண்ணில் பட்டால் எரியும். முதல் வாரங்களில் வாந்தி, தூக்கக் கலக்கம் வரலாம். மனநிலையையும் கவனிக்கணும், "செத்துப் போகலாம்" மாதிரிப் பேச்சு வந்தால் உடனே சொல்லணும். மெத்தில்பெனிடேட்டைச் சரியாக ஏற்றிப் பார்க்காமலே அங்கே தாவுவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நெய்தல்
அப்படியானால் அட்டை முதலில். 18லேயே இன்னும் ஒரு வாரம், ஆசிரியருக்கு ஒன்றும் சொல்லாமல். பகல் எண்கள் அப்போதும் இழுத்தால் 27 ஒரு வாரம். முகத்துக்கான கட்டத்தில் எண் இறங்கினாலோ, எடை அரைக் கிலோ குறைந்து அங்கேயே நின்றாலோ, நான் திரும்பவும் 18க்குத்தான் வாதாடுவேன்.