வில்லியம் சால்ஸ்பரியின் எழுத்துமுறை: பிழையா, பிடிவாதமா?

கேள்வி:
பிரிட்டனின் வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷில் வந்த விவிலியத்தைப் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் 1588இல் முழு நூலையும் வெளியிட்ட வில்லியம் மோர்கனுக்கே புகழ் சேர்கிறது. அதற்கு 21 ஆண்டுகள் முன்பே புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதியைக் கிரேக்கத்திலிருந்து பெயர்த்த சால்ஸ்பரியை, வாசிக்க முடியாதபடி எழுதியவர் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். 1547இலேயே அகராதி அச்சிட்ட ஒருவர் ஏன் அப்படி எழுதினார்?

மறுமொழி 1:
தெரியாமல் எழுதியதன்று, வேண்டுமென்றே செய்தது. ஒரு சொல் எப்படி ஒலிக்கிறது என்பதைவிட எங்கிருந்து வந்தது என்பதை எழுத்து காட்ட வேண்டும் என்று அவர் கருதினார். தேவாலயத்தை மக்கள் ‘எக்லுயிஸ்’ என்றார்கள். அவரோ இலத்தீன் மூலம் தெரியும்படி ‘எக்லெஸ்’ என்று எழுதினார். வெல்ஷில் நம் புணர்ச்சியைப் போன்ற முதலெழுத்துத் திரிபு உண்டு. தந்தையைக் குறிக்கும் ‘டாட்’, ‘என்னுடைய’ என்று பொருள்தரும் சொல்லை அடுத்து வந்தால் ‘நாட்’ ஆகிவிடும். அந்தத் திரிபைக் காட்டாமல் மூலச்சொல்லையே அவர் அச்சிட்டது, ‘பன்னெடுங்காலம்’ என்பதைப் ‘பல் நெடும் காலம்’ என்று அச்சிடுவதற்கு ஒப்பாகும்.

மறுமொழி 2:
மேலே உள்ள விளக்கம் சரியே, ஆனால் அதை நியாயமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலம் அறியாத மக்களுக்குக் கோயிலில் உரக்க வாசிப்பதற்காகவே, 1563ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான நூல் அது. வாசிப்பவர் நாக்கு இடறும்படி எழுதிவிட்டுப் புலமையைக் காரணம் காட்டுவதில் பொருளில்லை. ஆயினும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் சொற்களைப் பக்க ஓரத்தில் கொடுத்தவரும் அவர்தான். மோர்கன் அந்த எழுத்துமுறையைக் களைந்தாரே தவிர, புதிய ஏற்பாட்டைப் பொறுத்தவரை சால்ஸ்பரியின் பெயர்ப்பையே அடித்தளமாகக் கொண்டு திருத்தினார்.

மறுமொழி 3:
எல்லாவற்றையும் களைந்துவிடவில்லை, ஐயா. ‘அவனுடைய’ என்பதற்கான சொல்லை இன்றும் பேச்சில் ‘இ’ என்றே பெரும்பாலும் ஒலிக்கிறார்கள். எழுதும்போது மட்டும் சால்ஸ்பரி இலத்தீன் ‘எயுஸ்’ஸை நினைத்து முன்னால் சேர்த்த ஈ என்ற ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று வேடிக்கையானது. 1547இல் அவர் வெளியிட்ட பழமொழித் தொகுப்பின் தலைப்பிலேயே கே என்ற எழுத்து உண்டு. 1567இல் அதை விட்டுவிட்டு சீ என்ற எழுத்துக்கு மாறினார். வெல்ஷுக்கு வேண்டிய அளவு கே அச்செழுத்துகள் அச்சகத்தாரிடம் இல்லை என்பதே அவர் தந்த காரணம். இன்றைய வெல்ஷ் நெடுங்கணக்கிலும் கே கிடையாது.