நியூசிலாந்தின் பழைய ரக்பி வீரர் ஜோ வார்பிரிக்கை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

கந்தகக்காற்று (ரோட்டோருவா):
வைமாங்கு பள்ளத்தாக்குக்கு எல்லோரும் இன்ஃபெர்னோ ஏரியின் வெளிர்நீலத்தைப் பார்க்கத்தான் போவார்கள். நானும் அதற்குத்தான் போனேன். பாதை இறங்கிக்கொண்டே போகும். புதர்களுக்குள்ளிருந்து ஆவி கிளம்பும், கந்தக நெடி மூக்கை விட்டுப் போகாது. வழியில் பழைய வெந்நீர் ஊற்று இருந்த இடம் வருகிறது. 1900 முதல் 1904 வரை கரிய சேற்றையும் கற்களையும் சில நூறு மீட்டர் உயரத்துக்கு வீசியடித்த ஊற்று அது. இன்று சத்தமே இல்லை. 1903 ஆகஸ்ட் 30 அன்று அந்த வெந்நீர் நான்கு பேரை அடித்துக்கொண்டு போனது. மூவர் சுற்றுலாப் பயணிகள். நான்காமவர் கூடவே போன ஜோ வார்பிரிக். அந்த வட்டாரத்தின் தலைமை வழிகாட்டி அவருடைய உடன்பிறந்த ஆல்ஃபிரட்தான்.

ரக்பி பைத்தியம் எனக்கு உண்டு என்பதால் பெயர் உறுத்தியது. வீடு திரும்பியதும் தேடிப் படித்தேன். 1877இல், 15 வயதில், ஆக்லாந்து மாகாண அணிக்கு ஃபுல்பேக் (கடைசியில் நின்று காக்கும் ஆட்டக்காரர்). 1884இல் நியூ சவுத் வேல்ஸுக்குச் சென்ற முதல் நியூசிலாந்து அணியில் இடம்; அங்கே ஆடிய எட்டு ஆட்டங்களிலும் வெற்றி. 1888இல் பிரிட்டனுக்குக் கப்பலேறிய, பெரும்பாலும் பூர்வகுடி மாவோரிகள் ஆடிய ‘நேட்டிவ்ஸ்’ அணியைத் திரட்டித் தலைமை தாங்கியவரும் அவரே. தாய் மாவோரி, தந்தை ஆங்கிலேயர். அணியில் ஐந்து வார்பிரிக் சகோதரர்கள்! இப்பேர்ப்பட்டவரை ‘வெந்நீரில் சிக்கிய வழிகாட்டி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய தடம் வேறு யாருக்காவது தட்டுப்பட்டதா?

தேம்ஸ்கரையான் (லண்டன்):
எனக்குத் தட்டுப்பட்டது அவர் அணி பட்ட அவமானம். நான் அடிக்கடி கடந்துபோகும் பிளாக்ஹீத் ரெக்டரி ஃபீல்ட் மைதானத்தில்தான் 1889 பிப்ரவரி 16 அன்று இங்கிலாந்தோடு மோதினார்கள். இங்கிலாந்தின் ஸ்டாடார்ட் (பிற்பாடு கிரிக்கெட்டிலும் இங்கிலாந்து கேப்டன்) பிடிபட்டபோது அவருடைய கால்சட்டை கிழிந்துவிட்டது. ஆட்டம் நின்றுவிட்டது என்று எண்ணி நியூசிலாந்துக்காரர்கள் அவரை மறைத்து வட்டமாக நின்றார்கள். அந்த நேரம் பார்த்து எவர்ஷெட் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி ‘டிரை’ (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது) வைத்துவிட்டார். நடுவர் ரோலண்ட் ஹில் அதைச் செல்லும் என்றார். அவர்தான் இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் செயலாளரும்கூட! கொதித்துப்போன மூன்று பேர் மைதானத்தை விட்டே வெளியேறினார்கள். கடைசியில் மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டதும் விருந்தாளிகள்தான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சாலையில் போகும்போது எனக்குச் சுருக்கென்கிறது.

நாலாம்வரிசை (வெலிங்டன்):
தேம்ஸ்கரையான், கால்சட்டைக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். பிரிட்டனில் மட்டும் 74 ஆட்டங்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. அக்டோபர் தொடக்கம் முதல் மார்ச் இறுதி வரை, வாரத்துக்கு ஏறக்குறைய மூன்று. இருந்தவர்கள் 26 பேர். அவற்றில் 49 வெற்றி! பயணம் முழுவதையும் சேர்த்தால் 107 ஆட்டங்கள். நான் இங்கே ஒரு கிளப் அணிக்குப் பிசியோதெரபி பார்க்கிறேன். சனிக்கிழமை ஆடிய பையன் செவ்வாய்க்கிழமை வந்து தோளைத் தூக்க முடியாமல் நிற்பான், சட்டையை நான்தான் கழற்றிவிட வேண்டும். வார்பிரிக்கே அந்தப் பயணத்தில் காயத்தால் பல ஆட்டங்களில் இறங்கவில்லை. அதை அவருடைய குறையாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் கிளப்பில் வருகிற ஒரு பெரியவர் சொல்லித்தான் இன்னொன்று தெரிந்தது. கறுப்புச் சட்டையும் வெள்ளிப் பெரணியும் அந்த அணி அணிந்தவை. அதில் ஆடிய டாம் எல்லிசன்தான் 1893இல் அதையே தேசிய அணிக்கு முன்மொழிந்தார். உலக ரக்பியின் புகழ் மன்றத்தில் வார்பிரிக்கையும் அவர் அணியையும் சேர்த்தது 2008இல்.

கந்தகக்காற்று:
2008 வரை என்ன செய்துகொண்டிருந்தார்களாம்?