மகன் போலீஸில் தொடரலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் சிங்கப்பூர் போலீஸில் தேசிய சேவை (கட்டாயப் பணி) செய்கிறான். முடிந்ததும் நிரந்தர அதிகாரியாக சைன் ஆன் பண்ண ஆசைப்படுகிறான். எனக்கும் பெருமைதான். ஆனால் சில வருஷம் இருந்துவிட்டு விலகியவர்களைப் பற்றியும் கேள்விப்படுகிறோம், அதுதான் யோசனை.

போலீஸில் ஆள் பற்றாக்குறை புதுசு இல்லை. 2013 டிசம்பரில் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், நடந்த கலவரத்தை விசாரித்த குழுவிடம், அப்போதைய போலீஸ் ஆணையர் இங் ஜூ ஹீ இன்னும் 1,000 அதிகாரிகள் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். லிட்டில் இந்தியாவைவிட கேலாங் வட்டாரத்தைப் பற்றித்தான் தனக்குக் கவலை அதிகம் என்றும் சொன்னார். அதற்கப்புறம் கேமராக்கள் பெருகிவிட்டன. ஆனால் நள்ளிரவில் குடும்பச் சண்டை என்று அழைப்பு வந்தால் கேமரா கதவைத் தட்டாது, மனிதர்தான் போக வேண்டும். பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள்: 2023இல் நம் கருவள விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள்) 0.97க்கு இறங்கிவிட்டது. ராணுவம், குடிமைத் தற்காப்பு, போலீஸ் எல்லாம் அதே பிள்ளைகளைத்தான் தேடுகின்றன.

அதனால் உள்ளே இருப்பவர்கள், விலகியவர்கள் இரு தரப்பும் பேசினால் நல்லது. ஷிப்ட் வேலையில் குடும்பத்துக்கு நேரம் கிடைக்கிறதா? ரோந்துப் பணியிலிருந்து விசாரணைப் பிரிவுக்கு மாறுவது எளிதா? விலகியவர்களுக்கு சம்பளம் காரணமா, களைப்பா? பாதியில் விலகினால் சேரும்போது கொடுக்கும் சேர்க்கைத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமா? டிப்ளோமாவோடு சேர்ந்து, அப்புறம் பட்டம் படித்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.

பொதுவில் எழுதத் தயக்கம் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். அடுத்த மாதம் அவன் முடிவு சொல்ல வேண்டும்.