காவலரின் குற்றத்துக்கு நகரம் ஏன் பணம் கட்டுகிறது?

கேள்வி:
காவலர் பிடியில் இறந்த ஜார்ஜ் ஃபிளாய்டின் குடும்பத்துக்கு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 2021-இல் 2 கோடியே 70 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தியவர் ஒரு காவலர்; பணமோ வரி கட்டுவோருடையது. அவரிடமே வசூலிக்க வழியில்லையா?

இளங்கோ:
உரிமையைப் பறித்த அதிகாரிமீது நேரடியாக வழக்குத் தொடுக்க 1871-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் 1967-இல் தொடங்கி, 1982-இல் இறுக்கிய, அதிகாரிகளை இழப்பீட்டு வழக்கிலிருந்து காக்கும் விலக்குக் கோட்பாட்டின்படி, ஏறத்தாழ அதே செயலைத் தவறென்று முன்பே ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தாலொழிய அவர் பெரும்பாலும் தப்பிவிடுகிறார். புதுவிதமாகக் கொடுமை செய்பவருக்கே சலுகை என்பது எனக்கு விளங்காத நியாயம். அவர் தோற்றாலும் பணத்தைப் பெரும்பாலும் நகரமே கட்டிவிடுகிறது.

மதிவதனி:
கொலராடோ மாநிலம் 2020-இல் தன் நீதிமன்றங்களில் காவலர்கள் அந்த விலக்கைக் காட்டி வாதிடுவதை நீக்கியது. நல்லெண்ணமின்றி நடந்தவர் தீர்ப்புத் தொகையில் 5 விழுக்காடு அல்லது 25,000 டாலர், இவற்றில் குறைந்ததைத் தாமே கட்ட வேண்டும்.

செழியன்:
பணத்தைவிடச் சான்றுதான் சிக்கல். சிகாகோவில் 2014 அக்டோபரில் 17 வயது இளைஞன் காவலர் சுட்ட 16 குண்டுகள் பாய்ந்து இறந்தான். கத்தியோடு காவலர்களை நெருங்கினான் என்றது காவல்துறை. விலகி நடந்ததைக் காட்டிய காணொளி, நீதிமன்ற ஆணைக்குப் பிறகே, 13 மாதங்கள் கழித்து வெளிவந்தது. அதற்குள் நகர மன்றம் 50 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புதல் அளித்துவிட்டிருந்தது.