எகிப்து ஓவியங்களின் நீலம்: அரைத்த கல்லா, சூளையில் சுட்டதா?

தூரிகை மாணவன்:
பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் பண்டைய எகிப்திய அதிகாரி நெபாமுனின் கல்லறை ஓவியங்களைப் படம் பார்த்துப் படியெடுத்து வருகிறேன். தோட்டக் குளத்தின் நீலம் 3,300 ஆண்டுக்கு மேலாகியும் எப்படி நிற்கிறது? லாபிஸ் லசூலி என்ற நீலக் கல்லை அரைத்துப் பூசினார்களா?

சூளைக்காரி:
லாபிஸ் இல்லை தம்பி. அது இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வர வேண்டிய கல். நகைக்கும் தாயத்துக்கும் போனது. குளத்தில் இருப்பது மனிதர் செய்த நிறம். கி.மு. 2500 வாக்கிலேயே செய்யத் தெரிந்திருந்தது.

நான் மட்பாண்டம் சுடுகிறவள், இந்த நீலத்தையும் சுட்டிருக்கிறேன். மணல், சுண்ணாம்பு, செம்புத் தாது அல்லது பழைய வெண்கலத் துண்டு, கொஞ்சம் நேட்ரான் என்ற சோடா உப்பு அல்லது தாவரச் சாம்பல். இவற்றைப் பொடித்துக் கலந்து 850-லிருந்து 1000 டிகிரி செல்சியசுக்குள் மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். கலவை முழுக்க உருகிவிடக் கூடாது, அதற்குள்ளேயே நீலப் படிகம் விளைய வேண்டும். சூடு எகிறினால் பச்சைக் கண்ணாடியாக இறுகும். காற்று போதாவிட்டால் செம்பு சிவந்துபோகும். வெப்பமானி இல்லாத காலத்தில் இதைப் பிடித்தார்களே, அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

வெளியே எடுத்தால் சொரசொரப்பான நீலக் கட்டி. அதை அரைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது: கொரகொரப்பாக விட்டால் ஆழ்ந்த நீலம், மைய அரைத்தால் வெளிர்ந்துவிடும். கருவேலம் பிசின் போன்ற பசையில் குழைத்துப் பூசினார்கள். செம்பு படிகத்துக்குள் பூட்டிக்கிடப்பதால் வெயிலோ காற்றோ எளிதில் அசைக்காது.

நூலும் சாயமும்:
சுவருக்குச் சரி, துணிக்கு இது ஒட்டாது. லினன் சாயத்தை லேசில் பிடிக்காத நார், அதனால் பெரும்பாலும் வெள்ளையாகவே உடுத்தினார்கள். சிவப்புக்கு மஞ்சிட்டி இன வேர். அது பிடிக்கப் படிகாரம் வேண்டும். மேற்குப் பாலைவனத்து கார்கா, தாக்லா சோலைகளில் கிடைத்தது. நீலத்துக்கு அவுரியில் உள்ள அதே சாயப்பொருளைத் தரும் வோட் செடியின் இலை. நீலத்தின் மேல் சிவப்பு முக்கினால் ஊதா.

தூரிகை மாணவன்:
நன்றி அக்கா. அப்புறம், நீலம் உதிர்ந்துபோன இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

சூளைக்காரி:
அதற்கு வழி இருக்கிறது. இந்த நீலத்தின் மேல் சாதாரண ஒளி பட்டால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழும். அதை மட்டும் பிடிக்கும் கேமராவில் ஒரு துகள் மிச்சமிருந்தாலும் வெள்ளையாகப் பளிச்சிடும். அப்படி எடுத்த படம் கிடைத்தால், தூரிகையைத் தொடுமுன் அதைப் பார்த்துவிடு.

மஞ்சளுக்கு மட்டும் அவர்கள் பயன்படுத்திய அரிதாரம் என்ற மஞ்சள் கனிமத்தைத் தேடாதே, அதில் ஆர்சனிக் நஞ்சு இருக்கிறது. மஞ்சள் காவியே போதும், அவர்களும் நிறைய பூசியிருக்கிறார்கள்.