எஸ்பிளனேட் பூங்காவில் ஒரு சின்னக் கல்

அன்புள்ள சொந்தங்களே,

அடுத்த மாதம் மகள் வீட்டுக்கு சிங்கப்பூர் வரப்போகும் மாமா, "நேதாஜி கட்டின நினைவுச்சின்னம் இன்னும் இருக்கிறதா, போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டிருந்தார். நேற்று அதற்காகவே ஒரு நடை போய்வந்தேன். மாமாவுக்கு வழி சொல்கிறேன். உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது.

சிட்டி ஹால் எம்.ஆர்.டி.யில் இறங்கி பாடாங் திடலைத் தாண்டினால் எஸ்பிளனேட் பூங்கா. நல்ல மரநிழல். அங்கே பெரிதாகக் கண்ணில் படுவது செனோட்டாஃப் என்ற போர் நினைவுச்சின்னம். முதல் உலகப் போரில் உயிர்விட்ட 124 பேருக்காக எழுப்பியது, 1922இல் அன்றைய வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். அந்த 124 பேரின் பெயரும் அதில் இருக்கிறது. பின்பக்கம் சுற்றி வந்தால் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கான அஞ்சலி. அங்கே பெயர்கள் கிடையாது. அதே பூங்காவில் லிம் போ செங் நினைவு மண்டபமும் உண்டு. போரில் சிங்கப்பூரைப் பிடித்திருந்த ஜப்பானியர்களை எதிர்த்துப் போராடி, அவர்களிடம் பிடிபட்டு 1944இல் சிறையில் இறந்துபோனவர். காட்டிக்கொடுக்காமல் செத்த மனிதர், அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

மாமா கேட்டது இவை இரண்டும் இல்லை. அவர் கேட்டது, ஜப்பானியர்களோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்ட நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) நினைவுச்சின்னம். அது இப்போது இல்லை. அது இருந்த இடத்தைக் காட்டும் ஒரு கல் மட்டும் இருக்கிறது. பேசிக்கொண்டே நடந்தால் கவனிக்காமல் தாண்டிவிடுவோம். வேலைக்கு வந்த புதிதில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியவே தெரியாது.

1943 ஜூலை 5ஆம் தேதி, பக்கத்துப் பாடாங் திடலில்தான் நேதாஜி ஐ.என்.ஏ. படையினர் முன்னால் நின்று 'டெல்லி சலோ' என்று முழங்கினார். இரண்டு வருடம் கழித்து, 1945 ஜூலை 8ஆம் தேதி, போரில் இறந்த பெயர் தெரியாத வீரர்களுக்காக இந்த நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார். பர்மா எல்லையில் படை தோற்றுப்போயிருந்த நேரம் அது. அப்போதும் இறந்தவர்களை நினைத்து அவசர அவசரமாகக் கட்டி முடித்தார்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் இத்திபாக், இத்மாத், குர்பானி என்ற மூன்று சொற்கள் அதில் இருந்தன. அடுத்த மாதமே ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை, தளபதி மவுண்ட்பேட்டன் உத்தரவின்படி அதை இடித்துத் தள்ளியது. கல்லுக்கு மூன்று மாத ஆயுசுகூட இல்லை. ஐம்பது வருடம் வெறும் புல்தரை. 1995இல்தான் சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகம் இப்போதுள்ள அடையாளக் கல்லை வைத்தது.

அந்தப் படையில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையிலிருந்து இங்கே வந்து மருத்துவம் பார்த்தவர். அவர்களுடைய பயிற்சி முகாம் இருந்த வாட்டர்லூ தெரு, பூங்காவிலிருந்து நடந்துபோகும் தூரம்தான்.

என் பாட்டியின் தம்பி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறியவர். 1941 வரை கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார் என்று ஒருவர் சொன்னாராம், ஜப்பானியர்கள் போட்ட சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னாராம். பாட்டி சாகும்வரை அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை. நேற்று அந்தக் கல் முன்னால் நின்றபோது எனக்கு அவர் ஞாபகம்தான். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது, ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

நம் ஊரில் இப்படி எத்தனை வீடு! திரும்பி வராதவர்களில், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்து இறந்தவர்களைத் தேட வழி இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் கிராஞ்சி போர் நினைவிடச் சுவர்களில், புதைத்த இடம் தெரியாத 24,000க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் உள்ளன. இந்திய வீரர்கள் ஏராளம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அவற்றைத் தேடலாம். பல இந்தியப் பெயர்களுக்குப் பக்கத்தில் தகப்பனார் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் குறித்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயரை அன்றைக்கு வெள்ளைக்காரர்கள் எப்படியெல்லாம் எழுதினார்களோ அப்படியெல்லாம் போட்டுப் பாருங்கள். கனடாவில் இருக்கும் தம்பிகள் யாராவது இதைக் கையில் எடுத்தால் நல்லது.

ஐ.என்.ஏ.வில் போனவர்களும், சயாம் ரயிலுக்குப் போனவர்களும், தோட்டத்திலேயே பட்டினியில் செத்தவர்களும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். நாம்தான் எழுத வேண்டும். அதைத்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து மலாயா, பர்மா போய்த் திரும்பாதவர் இருந்தால் அவர் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தெரு, கப்பல் ஏறிய வருடம், வேலை பார்த்த தோட்டம், கடைசிக் கடிதம் எப்போது வந்தது, இவ்வளவும் எழுதுங்கள். தெரிந்தவரை போதும். பழைய கடிதம், போட்டோ இருந்தால் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எண்பது தாண்டிய பெரியவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள், அடுத்த பொங்கலுக்கு அவர்கள் எல்லோரும் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நோட்டு ஒன்று போட்டு பாட்டி தம்பியின் பெயரை முதலாவதாக எழுதிவிட்டேன்.

மாமா, எஸ்பிளனேட் பூங்காவிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பீச் ரோட்டில் பொதுமக்கள் போர் நினைவுச்சின்னம். 60 மீட்டருக்கு மேல் உயரமான நான்கு தூண்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் என்று நான்கு இனத்துக்கும் ஒவ்வொன்று, அடியில் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். 1967இல் திறந்தது. 600க்கு மேற்பட்ட தாழிகளில் ஆள் அடையாளம் தெரியாதவர்களின் எலும்புகளை அதன் கீழே வைத்திருக்கிறார்கள். அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது, படிக்கலாம். வரும் தேதியைச் சொல்லுங்கள், நானே கூட வருகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போவோம், அதற்கு முன்னால் வெயில் தாங்காது.